வெளுத்த திப்பி

வேம்பங்காடு,
இராசிபுரம் வட்டம்,
ஆவணி 11

அவையோரே! ஐதராபாத்து ஆய்வகத்தில் என் தம்பியோடு பணிபுரியும் அறிவியல் பெருமக்களே!

இக்கடிதத்தை அவன் படித்த கையோடு மடித்துச் சட்டைப்பையில் ஒளித்துவிடுவான். ஆகவேதான் உங்களை முதலில் விளித்தேன். அவன் கையிலிருந்து பிடுங்கி உரக்கப் படியுங்கள். அவன்மீது எனக்கொரு குறை உண்டு. அதை நாலு பேர் அறியச் சொன்னால்தான் அவனுக்கு உறைக்கும்.

தம்பி குணசீலா, இங்கு யாவரும் நலம். உன் மச்சானுக்கு மூட்டுவலி தணிந்திருக்கிறது. உன் மருமகள் ஜெயப்பிரியா தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ வேளைக்கு உண்கிறாயா?

ஏன் கடிதம் என்கிறாயா? கைப்பேசியில் நான் முன்னுரையை முடிப்பதற்குள் "அக்கா, மீட்டிங்" என்று துண்டித்துவிடுகிறாய். கடிதத்தைத் துண்டிக்க இயலாது!

குறையைச் சொல்கிறேன். சவ்வரிசி செய்யும் நம் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவுப்பாலைச் சல்லடையில் பிரித்தெடுத்தபின் எஞ்சும் சக்கையாகிய திப்பி ஆலைக்குப் பின்னே குன்றாகக் குவிந்து கிடக்கிறது. வெயில் இருந்தால் உலர்த்தித் தீவனத்துக்கு அனுப்பலாம். மழை பிடித்தால் புளிக்கிறது, அழுகுகிறது, அதன் சாறு ஓடையில் இறங்கிக் கீழ்க்காட்டுக் கிணறுகளைக் கெடுக்கிறது. இதற்கொரு தீர்வு என் கையில் இருக்கிறது, நார்ச்சக்கையைச் சர்க்கரையாக்கும் நொதியை உருவாக்குகிறேன் என்று நீ சொல்லத் தொடங்கியபோது ஜெயப்பிரியா இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்குப் போனாள். இப்போது அவள் கல்லூரிக்கே போகப்போகிறாள். நொதி எங்கே?

சென்ற ஞாயிறன்று ஊரார் ஆலை வாயிலில் பந்தலிட்டு அமர்ந்துவிட்டார்கள். ஆலை முதலாளியாகிய உன் மச்சான் வெளியே வரவில்லை. நான் போனேன். ஒலிவாங்கி கைக்கு வந்தால் நான் யாரென்று உனக்குத் தெரியும். "வரும் பங்குனிக்குள் இந்தத் திப்பி மலையைச் சர்க்கரைப் பாகாக உருக்கிக் காட்டுவான் என் உடன்பிறந்தான்!" என்று முழங்கினேன். கைதட்டல் ஓய்ந்ததும் கீழ்க்காட்டுக் காளியப்பன் எழுந்தான்.

"அக்கா, பேச்சு நல்லாத்தானுங்க இருக்குது. கெணத்துத் தண்ணி எப்பங்க நல்லாருக்கும்?"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் பங்குனி முடிவு வரையே கெடு தந்திருக்கிறார்கள். அதற்குள் திப்பிக்கு வழி காணாவிட்டால் ஆலையின் மின்னிணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். நான் ஊரறிய வாக்குக் கொடுத்துவிட்டேன். நிறைவேற்றுவது உன் கடன்.

சினம் தணியாத அக்கா,
முத்தாயம்மாள்


ஐதராபாத்,
செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். மச்சானின் மூட்டுக்கு அந்தத் தைலத்தை விட்டுவிட்டு ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த ஆய்வகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே உங்கள் அவையோர் யாரும் அவையில் இல்லை.

என்னைக் கேட்காமல் என் பெயரில் ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். திருமண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்பது போல இருக்கிறது. சரி, இனிப் பேசிப் பயனில்லை. என்ன வேலை நடக்கிறது என்றாவது தெரிந்துகொண்டு அடுத்த முறை முழங்குங்கள்.

செல்லுலோஸ் என்பதே சர்க்கரைதான். ஆயிரக்கணக்கான சர்க்கரைகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்து இழையாகி, இழையும் இழையும் நெருக்கிக் கட்டாகிவிட்டன. நம் காட்டில் சோளத்தட்டை இறுக்கிப் போர் போட்டிருப்பார்களே, அதன் நடுவிலிருந்து ஒரு தட்டை உருவ முடியுமா? ஒருவன் குறுக்கே வெட்ட வேண்டும். இன்னொருவன் வெட்டிய முனையைப் பிடித்து இழுத்து இழுத்துத் துண்டாக்க வேண்டும். மூன்றாமவன் அந்தத் துண்டைப் பிளந்து சர்க்கரையாக்க வேண்டும். மூன்று நொதிகளின் வேலையும் அதுதான். இதில் அந்த இரண்டாமவனால்தான் தொல்லை. வேலை மெதுவு. கொஞ்சம் சூடு கூடினால் சுருண்டு விழுந்துவிடுவான். சூடு இல்லாவிட்டாலோ கலனில் வேறு கிருமிகள் புகுந்து, வந்த சர்க்கரையைத் தின்றுவிடும். ஆகவே சூடு தாங்குபவனாக, பிடித்த முனையை விடாதவனாக அவனைத் திருத்த வேண்டியிருந்தது. அந்த நொதி நூற்றுக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலி. எந்தக் கண்ணியை மாற்றினால் நிற்பான், எதை மாற்றினால் விழுவான் என்று தேடித்தான் இத்தனை ஆண்டு போயிற்று. இப்போது நிற்கிறான்.

திட்டம் மார்ச்சோடு முடிகிறது. ஓர் உண்மையான ஆலையில், உண்மையான திப்பியில் தேறிக் காட்டினால்தான் மேற்கொண்டு நடக்கும். நம் ஆலையையே சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலில் மாதிரி வேண்டும். சல்லடையிலிருந்து விழும் ஈரத் திப்பி. எதுவும் சேர்க்காமல், எதுவும் செய்யாமல், பனிக்கட்டிப் பெட்டியில்.

ஜெயாவை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குணசீலன்


வேம்பங்காடு,
புரட்டாசி 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இரு. மருத்துவரைப் பார்க்கச் சொன்ன உன் அறிவுரையை மச்சானிடம் படித்துக் காட்டினேன். தைலக் குப்பியை எடுத்து இன்னொரு முறை தேய்த்துக்கொண்டார்.

நீ கேட்ட திப்பி வந்து சேர்ந்திருக்கும். அதை அனுப்பப் பட்ட பாட்டைக் கேள்! மீன் கடையில் வெள்ளைப் பெட்டி வாங்கினேன். சல்லடையிலிருந்து விழ விழ உன் மச்சானே தம் கையால் அள்ளிப் பெட்டியில் போட்டார்.

"என்ற மாப்ளைக்குத் திப்பி வேணும்னா டப்பாவுலயா அனுப்பறது? லாரியோட வரச் சொல்லு புள்ள. மலையவே அள்ளிக் குடுத்தனுப்பறேன்."

சேலத்தில் ஐதராபாத்துப் பேருந்தின் உதவியாளன் பெட்டியை மோந்து பார்த்தான்.

"ஏனுங் டீச்சர், மீனுங்களா?"

"திப்பி."

"திப்பியவா ஐஸ்ல வெச்சு அனுப்பறீங்க?" என்றவன் ஓட்டுநரைக் கூப்பிட்டுச் சொல்லி, அவர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டுச் சொல்லி, பேருந்து நிலையமே என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. மூவாயிரம் பேர் திரண்ட கூட்டத்தில் பேசியவள் நான்! ஒரு பெட்டித் திப்பியோடு அங்கே நின்றேன்.

ஆகவே விரைந்து முடி. சோளத்தட்டுக் கதையெல்லாம் விளங்கியது. சர்க்கரை வந்ததா, இல்லையா? இனி வரும் கடிதத்தில் அந்த ஒரு சொல்லை முதல் வரியில் எழுது.

உன் அக்கா,
முத்தாயம்மாள்


ஐதராபாத்,
அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை.

முதல் வரியில் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். நலமாக இருக்கிறேன். நீங்கள் யாவரும் நலமென நினைக்கிறேன்.

எனக்கே விளங்கவில்லை. செல்லுலோஸால் ஆன வடிதாளில் நொதி வேலை செய்கிறது. வேறோர் ஊரிலிருந்து வந்த மரவள்ளிச் சக்கையில் வேலை செய்கிறது. பருத்திக் காம்பில்கூடச் செய்கிறது. நம் திப்பியில் போட்டால் மட்டும் சிறிது நேரத்தில் செத்துவிடுகிறது. மெதுவாகவில்லை, சாகிறது. மூன்று முறை புதிதாகத் தயாரித்துப் பார்த்துவிட்டேன். என்னோடு பணிபுரியும், தமிழ் பேச மட்டும் தெரிந்த தனப்பிரியா, "குணசீலன், உங்க ஊர்த் திப்பிக்கு உங்களைப் பிடிக்கலை" என்கிறாள்.

ஆலையில் ஏதாவது மாறியிருக்கிறதா? கிழங்கு புது வகையா? ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறியிருக்கிறதா? தண்ணீரில் எதையாவது சேர்க்கிறீர்களா? கேட்டு எழுதுங்கள். இன்னொரு பெட்டியும் அனுப்புங்கள்.

அன்புடன்,
குணசீலன்


வேம்பங்காடு,
ஐப்பசி 13

அறிவியல் அறிஞர் குணசீலனார் அவர்களுக்கு,

நலமே. நலமறிய விருப்பமில்லை, சினமாக இருக்கிறேன்.

உன் நொதி என்ன அரண்மனையில் பிறந்த இளவரசனா? வடிதாளை உண்பானாம், அயலூர்ச் சக்கையை உண்பானாம், நம் ஊர்த் திப்பியைக் கண்டால் உயிரை விடுவானாம்! உழைக்க வந்தவன் இருப்பதை உண்ண வேண்டாவா? ஆண்டுக்கணக்கில் கண்ணி கண்ணியாகத் திருத்தினாயே, இந்த ஒன்றைத் திருத்த மறந்தாயா?

இங்கே மழை தொடங்கிவிட்டது. திப்பி மேட்டிலிருந்து வரும் வாடை பள்ளிக்கூடம் வரை எட்டுகிறது. நான் வகுப்பில் செய்யுள் நடத்தும்போது பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். காளியப்பன் எதிர்ப்படும்போதெல்லாம், "அக்கா, சக்கர வந்துருச்சுங்களா? காப்பி போடோணும்" என்கிறான். அவன் மனைவி மாரியாயி குடத்தோடு முக்கால் கல் தொலைவு நடந்து போகிறாள். அவள் ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆத்தூரில் உணவுக் கலப்பட ஒழிப்பு மாநாடு நடந்தது. நான்தான் நிறைவுரை. "உண்ணும் பொருளில் நஞ்சைக் கலப்பவன் ஊருக்கே பகைவன்!" என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசினேன். அரங்கம் அதிர்ந்தது. கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். நீ ஒருவன்தான் என் சொல்லைக் கேட்டு ஒன்றும் செய்வதில்லை.

இரண்டாவது பெட்டி நேற்றே புறப்பட்டுவிட்டது. இதிலாவது உன் இளவரசனை உயிரோடு இருக்கச் சொல்!

முத்தாயம்மாள்


ஐதராபாத்,
நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மழையில் நனையாதீர்கள், தொண்டை கட்டினால் தமிழகத்துக்கு இழப்பு.

நான் கேட்டதற்கு நீங்கள் விடை எழுதவில்லை. நானே கண்டுபிடித்துவிட்டேன்.

தனப்பிரியா வீட்டில் மீன் வளர்க்கிறாள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மீனைக் கொன்றுவிடும் என்பதால், அதை முறிக்க ஓர் உப்பைத் தொட்டியில் போடுவாளாம். "இதைப் போட்டுத்தான் பாருங்களேன்" என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். வேறு வழியின்றி நம் திப்பியில் அதைக் கரைத்துவிட்டு நொதியை ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் கூழ் தண்ணீராக இளகிவிட்டது. சர்க்கரை வந்துவிட்டது அக்கா. நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே வந்தது. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை.

ஏனென்றால் நம் திப்பியில் குளோரின் இருக்கிறது. கிணற்றில் அது ஊறாது. மாவு படியும் தொட்டியில் தெளிந்து நிற்கும் தண்ணீரை வீணாக்காமல் மீண்டும் சல்லடைக்கே ஏற்றுவது நம் ஆலையின் வழக்கம். மாவில் எதைப் போட்டாலும் அது சுற்றி வந்து திப்பியில் சேரும்.

மாவில் என்ன போடுகிறீர்கள்?

அன்புடன்,
குணசீலன்


வேம்பங்காடு,
தை 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். பொங்கலுக்கு நீ வரவில்லை என்று மச்சானுக்கு வருத்தம். கரும்பு இவ்வாண்டு நன்றாக இருந்தது. ஜெயப்பிரியாவுக்குச் சளி பிடித்து இப்போது குணமாகிவிட்டது. மார்கழியில் உன் நிறுவனத்தார் வந்து சோதனைக் கலனைக் கொட்டகையில் பொருத்திவிட்டுப் போனார்கள். பெரிதாக, பளபளப்பாக இருக்கிறது. பொறியாளர் நல்ல பிள்ளை. மோர் கொடுத்தேன்.

விடை எழுதக் காலம் தாழ்ந்துவிட்டது. பள்ளியில் வேலை மிகுதி.

நீ கேட்டது குறித்து. உனக்கு அனுப்பும் பொருள் தூய்மையாக இருக்கட்டுமே என்று நான்தான் திப்பியை வெளுப்புத்தூள் கலந்த நீரில் அலசி அனுப்பச் சொன்னேன். அறியாமல் செய்த பிழை. இனி அலசாமல் அனுப்புகிறேன். வேறொன்றுமில்லை.

சோதனைக்கு நீ எப்போது வருகிறாய் என்று எழுது. வெயில் ஏறுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
முத்தாயம்மாள்


ஐதராபாத்,
ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வியப்புக்குறிகூட இல்லை. ஒரு வசவும் இல்லை. பொறியாளருக்கு மோர் கொடுத்ததை எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே நினைத்தேன். பிறகுதான் விளங்கியது.

முதல் பெட்டியைப் பற்றி நீங்களே எழுதினீர்கள்: சல்லடையிலிருந்து விழ விழ மச்சான் தம் கையால் அள்ளிப் போட்டார் என்று. அந்தத் திப்பியை யாரும் அலசவில்லை. அதிலும் என் நொதி செத்தது.

அக்கா, மாவை வெளுக்கிறீர்கள். சவ்வரிசி பாலாட்டம் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்தத் தண்ணீர் திப்பியில் சேர்ந்து, ஓடையில் இறங்கி, காளியப்பன் கிணற்றுக்குப் போகிறது. வாடையை மட்டும்தான் ஊரார் மூக்கால் அறிகிறார்கள். இதை அறிய அவர்களுக்கு வழியில்லை. எனக்குமே வழியில்லை, பாழாய்ப்போன நொதி செத்து விழுந்து சொல்லும்வரை.

பிப்ரவரி இறுதியில் சோதனை. பார்வையிட நிறுவனத்திலிருந்து மூவர் வருகிறார்கள். அதற்குள் மச்சானிடம் சொல்லித் தூளை நிறுத்துங்கள். தொட்டிகளைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஏற்றுங்கள். நான் சொன்னால் அவர், "மாப்ளே, நீங்க ஆராய்ச்சியப் பாருங்க" என்பார். உங்கள் சொல்லுக்கு மூவாயிரம் பேர் கைதட்டுகிறார்கள். வீட்டில் ஒருவர் கேட்கமாட்டாரா?

நீங்கள் யாவரும் நலமா?

குணசீலன்


வேம்பங்காடு,
மாசி 3

தம்பி குணசீலா,

உடலால் நலம்.

பேசினேன். சொற்பெருக்கு ஆற்றவில்லை, உணவு பரிமாறும்போது மெல்லத்தான் சொன்னேன்.

"ஏனுங்க, இனிமே அந்தத் தூளைப் போட வேண்டாங்க."

இலையிலிருந்து நிமிரவில்லை. "ஆரு, மாப்ள சொன்னானா?"

"அவன் சொன்னா என்ன, நான் சொன்னா என்னங்க?"

"நீ சொன்னா மேடைப் பேச்சு. அவஞ் சொன்னா ஆராய்ச்சி. யாவாரி வந்து மூட்டைக்குள்ள கைய உட்டு அள்ளிப் பாக்கறப்ப ரெண்டு பேரும் பக்கத்துல வந்து நிப்பீங்களா? பக்கத்து மூட்டை பால் கணக்கா இருக்கறப்ப, என்றது மட்டும் அழுக்கு வேட்டியாட்டங் கெடந்தா எவன் தொடுவான்?"

"கிணறு கெடுதுங்க."

"கெணறு திப்பியில கெடுதுன்னுதான ஊரு சொல்லுது? திப்பிக்குத்தான் மாப்ள மருந்து கண்டுபுடிச்சாச்சே. ஊத்தச் சொல்லு. தீந்துது." பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "ஆத்தூர்ல கலப்படத்தப் பத்திப் பேசிப்போட்டு வந்து, அன்னிக்கு ஊட்டுல என்ன குடிச்ச புள்ள? சவ்வரிசிப் பாயசம். முத்து முத்தாப் பளிச்சுன்னு இருக்குதுங்கன்னு சொன்னது ஆரு?"

நான்தான் சொன்னேன்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். உன் தோழியின் உப்பு இருக்கிறதே, அதைச் சோதனையன்று கலனில் ஒரு கை போட்டுவிடக் கூடாதா? போட்டால் நொதி பிழைக்கும். சர்க்கரை வரும். அதிகாரிகள் ஆலையை விடுவார்கள். உன் திட்டம் நீளும். வெளுப்பதை அடுத்த பருவத்துக்குள் நானே மெல்ல மெல்ல நிறுத்தச் செய்கிறேன். கெடு நெருங்கிவிட்டது. ஒரே ஒரு முறைதான். பார்வையிட வருபவர்கள் உப்பை நாவில் வைத்தா பார்க்கப்போகிறார்கள்?

எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை. அப்படியே உறையிலிட்டு ஒட்டுகிறேன்.

முத்தாயம்மாள்


ஐதராபாத்,
பிப்ரவரி 24

அக்காவுக்கு,

மாட்டேன்.

அந்த எண்ணம் உங்களுக்கு முன்பே எனக்கு வந்தது. பொட்டலத்தைப் பெட்டியில் எடுத்தும் வைத்துவிட்டேன். பிறகு வெளியே எடுத்துவிட்டேன். உப்பைப் போட்டுச் சர்க்கரை காட்டினால், திப்பிப் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரைப் பற்றி யாரும் எந்த நாளும் கேட்கமாட்டார்கள். என் நொதியைக் கொண்டே நான் காளியப்பன் வாயை அடைத்ததாகும்.

நம் ஆலையைச் சோதனையிலிருந்து நீக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். "தண்ணீர் பொருந்தவில்லை" என்று மட்டும் காரணம் காட்டியிருக்கிறேன். மார்ச் நடுவில் லாரி வந்து கலனை ஏற்றிக்கொள்ளும். தடுக்க வேண்டாம். வேறு ஆலை தேடினார்கள், இந்தப் பருவத்தில் கிடைக்கவில்லை. நொதி குளிர்பெட்டியில் இருக்கிறது. அது அங்கே நெடுங்காலம் கெடாது.

ஏப்ரலில் ஊருக்கு வந்தாலும் வருவேன். கொஞ்சம் நீண்ட விடுப்பாக இருக்கலாம். மாடி அறையில் ஜெயாவின் புத்தகங்கள் இருந்தால் அப்படியே இருக்கட்டும், எனக்கு இடைஞ்சல் இல்லை.

மச்சானுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குணசீலன்


வேம்பங்காடு,
ஆலைக் கொட்டகை,
பங்குனி 3

குணசீலா!

நலம் கேட்கவும் சொல்லவும் நேரமில்லை. கலனுக்கு முன்னே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே உன் நிறுவனம் அனுப்பிய சரக்குந்து நிற்கிறது. ஓட்டுநர் சென்னிமலை என்பவர் காலையிலிருந்து இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார்.

"டீச்சர், எந்திரிங்க. ஏத்தோணும்னு ஆர்டருங்க எனக்கு."

"ஏற்றிக்கொள்ளுங்கள். நாற்காலியோடு சேர்த்து ஏற்றுங்கள்."

அவர் இப்போது வண்டியின் நிழலில் அமர்ந்து தேநீர் குடிக்கிறார்.

நடந்ததைக் கேள். ஞாயிறன்று ஊரார் மறுபடியும் வாயிலில் கூடினார்கள். பங்குனி நெருங்கிவிட்டதல்லவா? "போயி ரெண்டு வார்த்த நல்லதாப் பேசி அனுப்பு புள்ள" என்றார் உன் மச்சான். அறிவியல் காலம் எடுக்கும், பொறுமை வேண்டும் என்று உரையை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். காளியப்பன் இந்த முறை கேலி பேசவில்லை. எழுந்து, "அக்கா சொன்னாச் சரிங்க. இன்னங் கொஞ்ச நாள் பொறுக்கோணும்னாலும் பொறுத்துக்கறோம். அக்கா பொய் சொல்லாதுங்க" என்று சொல்லி உட்கார்ந்தான். மாரியாயி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. முப்பதாண்டு மேடையில் இப்படி நேர்ந்ததில்லை. ஒலிபெருக்கிக்காரர் கருவி பழுதென்று எண்ணி ஓடிவந்து ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மைக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

பிறகு சொன்னேன். அணியில்லை, அடுக்கில்லை. எங்கள் ஆலையில் மாவை வெளுக்கிறோம். அந்த நீர்தான் திப்பியிலும் ஓடையிலும் உங்கள் கிணற்றிலும் இருக்கிறது. என் தம்பியின் நொதி அதனால்தான் இங்கே செத்தது. அதை மறைக்க நான் அவனுக்குப் பொய் எழுதினேன். இவ்வளவுதான் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஒரு மண்ணாங்கட்டி வந்து ஆலைக் கதவில் விழுந்தது.

காளியப்பன் முன்னே வந்தான். "அப்பச் சக்கரையாகும்னு சொன்னீங்களே, அதும் பொய்யிங்களா?"

"அது பொய்யில்லை" என்றேன். "நல்ல தண்ணீர் கொடுத்தால் ஆகும். நீங்களே உள்ளே வந்து தொட்டியருகே நின்று பாருங்கள்."

வந்துவிட்டார்கள்! அன்றிலிருந்து முறை வைத்து நிற்கிறார்கள். தூள் மூட்டைகளைக் கிடங்கில் வைத்துப் பூட்டிச் சாவியை மாரியாயி முந்தானையில் முடிந்துகொண்டாள். தொட்டிகளைக் கழுவிப் புதுநீர் ஏற்றியாயிற்று. உன் மச்சான் என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்கு உண்ணவும் வருவதில்லை. ஆலையிலேயே கட்டில் போட்டுக்கொண்டார். ஆனால் எந்திரத்தை நிறுத்தவில்லை. வந்து இறங்கிய கிழங்கை அழுகவிட அவருக்கு மனம் வராது.

நேற்று சேலத்திலிருந்து வணிகர் வந்தார். புதுச் சவ்வரிசியை அள்ளிப் பார்த்து, "என்னுங் மொதலாளி, மண்ணு கிண்ணு கலந்துபோச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு, வாங்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டார். உன் மச்சான் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு வணிகரும் இப்படித் திரும்பினால் அவர் மாரியாயியிடம் சாவி கேட்பார். அவளும் எத்தனை நாளைக்கு மறுப்பாள்? இந்தத் திப்பிக்கு ஒரு பயனுண்டு, இதிலிருந்து ஒரு வருவாய் உண்டு என்று அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதுவும் இப்போதே பார்த்தாக வேண்டும்.

"நீண்ட விடுப்பு" என்று எழுதியிருந்தாய். முப்பதாண்டாக மாணவர் விடுப்புக் கடிதங்களைப் படிப்பவளிடமா? உன் வேலை போகிறதென்று நேராக எழுத உனக்கு வரவில்லை. மாவை வெளுக்கிறோமென்று எழுத எனக்கு வரவில்லை. ஒரு வயிற்றில்தான் பிறந்திருக்கிறோம்.

இதை அஞ்சலில் இடவில்லை. ஜெயப்பிரியா பக்கத்திலேயே நிற்கிறாள். முடித்ததும் படமெடுத்து உன் கைப்பேசிக்கு அனுப்புவாள். "அத்தனையும் எழுதணுமாம்மா, வாய்ஸ் மெசேஜ் போட்டா ஆகாதா?" என்கிறாள். ஆகாது. பேச்சில் எனக்கு இப்போது நம்பிக்கையில்லை.

சல்லடையிலிருந்து திப்பி விழுந்துகொண்டிருக்கிறது. பழுப்பாக இருக்கிறது. கிழங்கின் வாடை மட்டுமே வருகிறது. இது நாளைக்குப் புளித்துவிடும். நாளைக்கு வேறு விழும். நாளை மறுநாள் விழுமா என்பதை நான் அறியேன். உன் திட்டம் முடிய இன்னும் இரு வாரம் இருக்கிறது. உன் மேலாளரின் அறைக்குள் போ. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்காதே. நீ எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறு. தண்ணீர் இப்போது பொருந்துகிறது என்று சொல். சோதித்துப் பார்க்க யார் வந்தாலும் வரட்டும் என்று சொல். சென்னிமலைக்குக் கலனை ஏற்றாமல் இங்கேயே விட்டுப் போகச் சொல்லி ஆணை வாங்கு. குளிர்பெட்டியைத் திற. நொதியை எடு. அடுத்த பேருந்தில் ஏறு.

முத்தாயம்மாள்